டிரையர் பெட்டியில் மாறிய எண்

எங்கள் வீட்டுச் சுவர் பிளக்கில் வரும் மின்னழுத்தத்தைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளந்து நாட்குறிப்பில் எழுதுவது என் பழக்கம். மலையூரான அரவேணுவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. மழை, காற்று, மின்னழுத்தம், அன்று பழுது பார்த்த பொருள் என்ற வரிசையில் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். அளப்பதும் எழுதி வைப்பதும் அங்கே என் வேலை, வீட்டில் அதுவே என் பொழுதுபோக்கு. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கீழே எழுதப்போகும் தவற்றை நான் செய்தபோது, அதைத் தடுத்திருக்கக்கூடிய எண்கள் எல்லாம் என் கைப்பட எழுதப்பட்டு என் மேசையிலேயே இருந்தன.

சில ஆண்டுகளாக எனக்கு மைக்ரோகண்ட்ரோலர்மீது ஈடுபாடு. விரல் அளவு கறுப்புச் சிப் ஒன்று. அதற்குள் நாம் எழுதும் புரோகிராமை ஏற்றிவிட்டால் அது சொன்ன வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். பொழுதுபோக்குக்குச் செய்பவர்களுக்கென்று ஒரு போர்டு விற்கிறது. கணினியிலிருந்து ஒரு யுஎஸ்பி வயரைச் செருகி, திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சிறு விளக்குகள் துடிக்கும், பிறகு ‘ஏற்றி முடிந்தது’ என்று ஒரு வரி வரும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிப்பது, சர்ச் ஆம்ப்ளிஃபயர் சூடானால் விசிறி போடுவது என்று பலவும் அந்த முறையில் செய்திருந்தேன். எல்லாம் ஓடின.

என் மனைவியின் அண்ணன் கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளுக்கான கண்ட்ரோல் போர்டு செய்யும் நிறுவனத்தில் இருக்கிறார். சிப்புகளுக்குப் புரோகிராம் ஏற்றுவதும் சோதிப்பதும்தான் அவர் தொழில். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் என் மேசையைப் பார்த்துச் சிரிப்பார்.

“மாப்ள, இது பொம்மைங்க. புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறதுக்கு நல்லாருக்கும்.”

“உங்க பம்புக்குள்ள இருக்கறதும் இதே சிப்புதானுங்க மச்சான்? நீங்க பெரிய பெட்டிய வெச்சு ஏத்தறீங்க, நான் வயருல ஏத்தறேன். உள்ள போனப்பறம் அதுக்குத் தெரியுமா, யாரு ஏத்துனாங்கன்னு?”

“அதுக்குத் தெரியாதுங்க. ஏத்துனவருக்குத் தெரியோணும்.”

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். வாக்குவாதத்தில் நான் வென்றதாகவே எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு, எங்கள் ஊருக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் டீ மேக்கர் என்னைத் தேடி வந்தார். சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் சிறிய தொழிற்சாலை அது. டீ மேக்கர்தான் அங்கே எல்லாப் பொறுப்பும். நாங்கள் ஒரே சர்ச். டிரையரில் வெப்பத்தைக் கவனிக்கும் கருவி கெட்டுவிட்டது, புதியது வர நாளாகும், அதுவரைக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

டிரையர் என்பது அரைத்துப் புளித்த இலையைச் சூடான காற்றில் காய வைக்கும் இரும்பு அறை. பக்கத்தில் விறகு அடுப்பு. சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தாண்டினால் தூளில் தீய்ந்த வாடை ஏறிவிடும். நான் செய்து கொடுத்த பெட்டியின் வேலை ஒன்றே. அந்த எண்ணைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும், அடுப்புக்குக் காற்றூதும் விசிறியை நிறுத்த வேண்டும். எண்ணை யாரும் விளையாட்டாக மாற்றிவிடக் கூடாது என்று ஒரு சாவி வைத்தேன். சாவியைத் திருப்பினால்தான் எண்ணை மாற்றும் பொத்தான்கள் வேலை செய்யும். அங்கே மின்சாரம் அடிக்கடி ஒரு நொடி, இரண்டு நொடி தடுமாறும் என்பது என் நாட்குறிப்பிலிருந்து தெரியும். அதனால் தேவைக்கு நான்கு மடங்கு பெரிய கெபாசிட்டர் ஒன்றையும் வைத்தேன். மின்சாரம் போனாலும் அதில் தேங்கியது சிறிது நேரம் பெட்டியைத் தாங்கும். அந்தக் கெபாசிட்டரைப் பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது.

சாவியை டிரையர்காரரிடம் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. சிறுவனாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் இங்கே வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே டிரையரில் நின்றவர். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். தினமும் அடுப்பு மூட்டும் முன் பெட்டியின் எண்ணைப் பார்த்து டிரையரின் இரும்புக் கதவில் சாக்பீஸால் எழுதுவார்: 95. மாலையில் டிரையரின் மெயின் கைப்பிடியை இறக்கிவிட்டு அதை அழிப்பார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டி வந்த பிறகு இன்னொரு மாற்றமும் நடந்தது. அதை நான் பின்னால்தான் அறிந்தேன். முன்பு அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார். மணி வந்துவிட்டதே என்று, விறகு இறக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி அவரைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான்கு மாதம் சரியாக ஓடியது. புதிய கருவியைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், தென்மேற்குக் காற்றில் மரங்கள் கம்பிகளில் உரசிக் காலை முழுவதும் மின்சாரம் வந்து வந்து போன நாளில், டிரையரில் இருந்த தூள் அத்தனையும் தீய்ந்தது. மணி அடிக்கவில்லை. பெட்டியின் பொத்தானை அழுத்திப் பார்த்தபோது எண் 95 இல்லை. 127 என்று இருந்தது. கதவில் சாக்பீஸால் 95 என்றே எழுதியிருந்தது.

டீ மேக்கர் பெட்டியைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

“ஏனுங்க சார், இது தானா மாறுமுங்களா?”

“மாறாதுங்க. சாவி போட்டு ஒருத்தர் மாத்துனாத்தான் மாறும்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. முதலாளிகிட்டப் பதில் சொல்லோணும்.”

நான் நன்றாகவே பார்த்தேன். இரண்டு மாலைகள் மேசையில் வைத்து ஐம்பது முறை அணைத்து ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்தேன். ஐம்பது முறையும் வைத்த எண் அப்படியே இருந்தது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்: ‘பெட்டியைச் சோதித்தேன். குறை இல்லை. சாவியின்றி எண் மாற வழியில்லை.’ மூன்று வாக்கியங்கள். நாட்குறிப்பிலும் அதையே எழுதினேன். பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக யாரும் வரவில்லை.

அந்தத் தாளைக் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடும் இடத்தில், டீ மேக்கர் சத்தமாகப் படித்தார் என்று பிறகு தெரிந்தது. சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. டிரையர்காரரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவர் குடியிருந்த, தொழிற்சாலைக்குச் சொந்தமான லைன் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், புதிய டிரையர்காரருக்கு அது வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியபோது அவர் எங்கள் வாசல் படியில் நின்றிருந்தார். மனைவி உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள். வாங்கி, வாயருகே கொண்டுபோய், ஒருமுறை முகர்ந்துவிட்டுக் குடித்தார்.

“சார், நான் கெஞ்ச வரல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும். தானா மாறாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே, அத எப்பிடிப் பாத்தீங்க?”

நியாயமான கேள்வி. காட்டினேன். கணினியைத் திறந்து, வயரைச் செருகி, எண்ணை 95 என்று வைத்து, வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். 95. இன்னொரு முறை. 95. அவர் குனிந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க டக்குனு அணையுது.”

“என்னதுங்க?”

“பெட்டி லைட்டு. இங்க புடுங்கின உடனே அணையுது. அங்க நான் கைப்பிடிய எறக்கினா ஒடனே அணையாது சார். மங்கி, மங்கி, மங்கி, பொறவுதான் அணையும். அதுக்குள்ள நான் கதவுல எழுதினத அழிச்சு முடிச்சிருவேன். நீங்க அப்பிடி வச்சுப் பாக்கல்லியே.”

பிடுங்கிய வயரைப் பார்த்தேன். மேசையில் யுஎஸ்பி வயர் மூலம் மின்சாரம் சிப்புக்கு நேராகப் போகிறது. பெரிய கெபாசிட்டர் இருக்கும் பகுதி வேலைக்கே வருவதில்லை. ஐம்பது முறை சோதித்தேன். டிரையர் பக்கத்தில் பெட்டி இருந்த நிலையில் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. புரோகிராம் ஏற்றும் வயரும் சோதிக்கும் வயரும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. வேறு வயர் என் வீட்டில் இல்லை.

“எனக்கு அது ஒண்ணும் விளங்காது சார். ஆனா லைட்டு மங்கும்போது அதுக்குள்ள இருக்கறது என்னா பண்ணும்? அதுவும் மங்குமா?”

அவர் போன பிறகு கோயம்புத்தூருக்கு போன் செய்தேன். மனைவியின் அண்ணன், பெட்டியை அப்படியே, ஒரு திருகுகூடக் கழற்றாமல் எடுத்து வரச் சொன்னார். சனிக்கிழமை காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் போனேன்.

அவர்கள் சோதனை மேசையில் இருந்த கருவி என் கற்பனையைவிடச் சிறியது. தீப்பெட்டிகள் நான்கை அடுக்கிய அளவு. அதிலிருந்து ஆறு மெல்லிய கம்பிகள் சிப்பின் கால்களுக்குப் போகும். அதை மாட்டிக் கணினியில் திறந்ததும் புரோகிராம் திரைக்கு வரவில்லை. முதலில் வந்தது ஒரு பட்டியல். சிப் எந்த வேகத்தில் ஓட வேண்டும், தொங்கிப்போனால் தானே மீண்டும் தொடங்க வேண்டுமா, உள்ளே இருப்பதைப் பிறர் படிக்கலாமா என்று வரிசையாகக் கேட்டது. ஆறாவது வரியில் அண்ணன் விரலை வைத்தார்.

“இது என்னன்னு தெரியுமுங்களா?”

மின்னழுத்தம் எந்த அளவுக்குக் கீழே போனால் சிப் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்ற கேள்வி. எதிரே ‘அணைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது.

“போர்டோட வாங்குனா அவுங்களே ஏதோ ஒரு அளவு வெச்சுக் குடுத்துருவாங்க. நீங்க சிப்பத் தனியா வாங்கிப் போட்டிருக்கீங்க. கடைக்காரன் இத அணைச்சு வெச்சே வித்திருக்கான்.”

“இப்படி ஒரு கேள்வி இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க மச்சான்.”

“உங்க வயருல அது வராதுங்க மாப்ள. அது கேக்கவே கேக்காது.”

கேலியாகச் சொல்லவில்லை. அன்று அவர் ஒருமுறைகூடப் பொம்மை என்ற சொல்லை எடுக்கவில்லை.

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பெட்டியை இணைத்தார். என் கெபாசிட்டர் எவ்வளவு மெதுவாக வடிகிறது என்று அளந்து, அதே வேகத்தில் இறக்கினார். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அந்தச் சிறு கருவி மூலம் சிப்பின் நினைவகத்தைப் படித்தார். என் பெட்டியில் அதைப் பார்க்க வழியே இல்லை. சிப் என்ன சொல்கிறதோ அதுதான் எனக்குத் தெரியும். இந்தக் கருவி சிப்பை இடையில் நிறுத்தி, உள்ளே எழுதியிருப்பதைத் தானே பார்க்கிறது. நான் பக்கத்தில் அமர்ந்து குறித்தேன். 95, 95, 95. நூற்றுப் பதினெட்டாவது இறக்கத்தில் 223 என்று வந்தது.

அந்த எண்ணையும் குறித்தேன். அண்ணன் விளக்கினார். மின்னழுத்தம் குறையும்போது சிப் முழுதாக நிற்பதும் இல்லை, சரியாக ஓடுவதும் இல்லை. அரைத்தூக்கத்தில் எழுந்து நடப்பவனைப் போலப் புரோகிராமின் எந்த வரிக்கும் போகும். எண்ணைச் சேமிக்கும் வரியில் கால் வைத்துவிட்டால் அங்கே எதையாவது எழுதிவிடும். சாவி அந்த வரிக்கு முன்னால் இருந்த கதவு. தூக்கத்தில் நடப்பவன் கதவு வழியாக வருவதில்லை. திடீரென்று அணைந்தால் அந்த நிலை கண்ணிமைக்கும் நேரம்தான். என் பெரிய கெபாசிட்டர் அதை நீட்டி நீட்டிக் கொடுத்தது. அந்தக் காலையில் மின்சாரம் போன ஒவ்வொரு முறையும்.

ஒரு தாளில் எட்டுச் சிறு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 இட்டு, 95 சிப்புக்குள் எப்படி இருக்கும் என்று எழுதினார். அதன் கீழே 127, அதன் கீழே இப்போது வந்த 223. 95-க்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கட்டம்தான் வேறு.

“அத விடுங்க மாப்ள. கணக்கே வேண்டாம். பட்டன அமுக்கி மாத்தற மனுசன் நூத்தி இருவதுல நிறுத்துவான், நூத்தி முப்பதுல நிறுத்துவான். நூத்தி இருவத்தேழுல நிறுத்துவானா?”

நான் அளவுகளோடு வாழ்பவன். அந்த எண்ணை என் கையால் நாட்குறிப்பில் எழுதியவன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. சாவி வைத்தது நான் என்பதால் சாவியின் பக்கம் பார்த்தேன், வேறு பக்கம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துத் தொழிற்சாலைக்குப் போனேன். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. டீ மேக்கர் அலுவலக அறையில் தூளைத் தேநீராக்கிச் சுவைத்துக்கொண்டிருந்தார். எழுதி வந்த புதிய தாளை நீட்டினேன். படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“நீங்க ஏனுங்க சார் தலையக் குடுக்கறீங்க? கரண்ட் மேல போட்டுக்கலாங்க. அன்னைக்கு அப்படித்தான வந்து வந்து போச்சு. அவரையும் கூப்பிட்டுக்கலாம், உங்களுக்கும் பேரு கெடாது. எனக்கும்…” என்று நிறுத்தினார். டிரையர்காரரை விறகுக் கொட்டகைக்கு அனுப்பியது தான்தான் என்பதை அப்போதுதான் சொன்னார்.

“கரண்ட் எப்பவும் அப்படித்தானுங்க வருது. பத்து வருசமா எழுதி வெச்சிருக்கேன். அது தெரிஞ்சு செஞ்ச பெட்டிதான் இது. தப்பு என்னுது.”

“முதலாளி உங்கள இனி வாசல்ல சேர்க்க மாட்டாருங்க.”

“சரிங்க. அவர் வேலைக்கு வரட்டும்.”

அவர் தாளைத் திருப்பி மறுபடி படித்தார். முதலாளியிடம் அன்று மாலையே பேசினார் என்பதை நான் இங்கே பதிய வேண்டும். மறுநாள் டிரையர்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை. என் வீட்டுக்கு வந்தார்.

“கூப்பிட்டாங்க சார். வீட்டையும் காலி பண்ண வேணாமாம்.”

“அப்புறம் ஏங்க போகல?”

“மொதத் தாள எங்க வச்சுப் படிச்சாங்க? பெரட்டுல. எம் பொஞ்சாதி அங்க நின்னுகிட்டிருந்தா. நான் பின்பக்கமா உள்ள போயி டிரையர்ல நின்னா, பாவம் பாத்துச் சேத்துகிட்டாங்கன்னுதானே பேசுவாங்க? ரெண்டாவது தாளையும் அங்கதான் படிக்கணும்.”

“டீ மேக்கர்கிட்டச் சொல்றேங்க.”

“அவரு வேணாம். எழுதினவரு படிக்கட்டும்.”

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலை முற்றத்தில் நின்றேன். பனி இறங்கியிருந்தது. வந்தவர்களை எண்ணினேன், முப்பத்தொரு பேர். டிரையர்காரர் கடைசி வரிசையில் மனைவியுடன் நின்றார். உள்ளே ஒரு இயந்திரத்தை அதற்குள் ஓட விட்டிருந்தார்கள். நான் தாளைப் பிரித்துப் படித்தேன். பெட்டியை நான் சரியாகச் சோதிக்கவில்லை. மின்சாரம் மங்கும்போது எண் தானாக மாறுகிறது. என் கண் முன்னே மாறியது. சாவி வைத்திருந்தவர் எதையும் மாற்றவில்லை. சென்ற தாளில் நான் எழுதியது தவறு.

மடித்தேன். முன்வரிசையில் இருந்த, தூள் சலிக்கும் பிரிவுப் பெண் ஒருவர் கையை உயர்த்தினார்.

“சார், மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க. இன்னொருக்காப் படிங்க.”

யாரோ சிரித்தார்கள். “போன தடவ மட்டும் நல்லாக் கேட்டுச்சாக்கும் ஒனக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அதுக்குத்தான் கேக்கறேன். இதும் கேக்கோணுமில்ல?”

டீ மேக்கர் உள்ளே போய் இயந்திரத்தை நிறுத்தினார். முற்றம் அமைதியானது. தாளை மறுபடி பிரித்து முதல் வரியிலிருந்து படித்தேன். சத்தமாகப் படிப்பது எனக்கு வழக்கமில்லை. கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னேன். நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் டிரையர்காரரின் மனைவி மட்டும் நின்றிருந்தார். அவரைத் தேடினேன். டிரையர் பக்கம் போய்விட்டிருந்தார்.

புதிய கருவி அந்த வாரமே வந்திருந்தது. வாங்கிய கருவி, கோயம்புத்தூரில் செய்தது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். அவர் மெயின் கைப்பிடியை ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார். ஒவ்வொரு முறையும் குனிந்து விளக்கைப் பார்த்தார். உடனே அணைந்தது. பத்து முறை செய்தார், நானும் எண்ணினேன். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கதவில் 95 என்று எழுதிவிட்டு, விறகுக் கொட்டகைப் பக்கம் திரும்பாமல், அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

நாட்குறிப்பில் பழைய பக்கத்தை நான் கோடு போட்டு அடிக்கவில்லை. ‘குறை இல்லை’ என்ற வரிக்கு நேரே ஓரத்தில், பின்னால் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.